மாசு மறுவற்ற கஸ்பார்

"மச்சம் எங்கே?" என்றார் டாக்டர்.

கஸ்பார் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். நெஞ்சில் குழாய் வைப்பார் என்று நினைத்திருந்தான். கை நின்றது.

"இன்னா மச்சம் சார்?"

"இடது கன்னத்துல மச்சம். போன சர்டிபிகேட்ல எழுதியிருக்கு." டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். கஸ்பாரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "காணோம்."

கஸ்பார் கன்னத்தைத் தடவினான். இரண்டு நாள் தாடி இருந்தது. மச்சம் இல்லை. நாற்பத்தாறு வருஷமாக இல்லை.

லாரி ஓட்டுகிறவன் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். அப்போதுதான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். கஸ்பாரின் லைசென்ஸ் அடுத்த வாரம் சனிக்கிழமையோடு முடிகிறது. ஹார்பரிலிருந்து எண்ணூருக்குக் கந்தகம் ஏற்றுகிற அவனுடைய கம்பெனி, புது லாரி ஒன்று வாங்கியிருந்தது. சீட்டில் சுற்றிய காகிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதைக் கஸ்பாருக்குத் தருவதாக மானேஜர் சொல்லியிருந்தார். லைசென்ஸ் இருந்தால் லாரி. இல்லாவிட்டால் கந்தகம் அள்ளும் கூடை.

இரண்டு வாரமாக அவன் பயந்தது கண் பரிசோதனைக்கு. மனைவி ஐரீனை டோல்கேட்டுக்குக் கூட்டிப்போய், எதிர்ச்சாரியில் இருந்த பெயர்ப் பலகைகளை வாசித்துக் காட்டினான். ஒரு பல் வைத்தியரை வக்கீல் என்று வாசித்தான். மற்றதெல்லாம் சரி.

"கண்ணு பாக்கலியா சார்?"

"ரெண்டு இருக்கு. பாத்துட்டேன். மச்சம்தான் குறையுது."

"போன டாக்டரு தப்பா எழுதிட்டாரு போல."

"அவர் ரிடையர் ஆயிட்டார். அவர் கையெழுத்து ரிடையர் ஆகலை."

"நீங்க திருத்திடுங்கோ சார்."

"திருத்தலாம். நீதான் கஸ்பார்னு தெரிஞ்சா திருத்தலாம்."

"நான்தான் சார் கஸ்பாரு."

"அதுக்கு அடையாளம்?"

"இன்னா அடையாளம் வோணும்?"

"மச்சம்."

கஸ்பார் லைசென்ஸில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினான். மூன்று வருஷம் டீசல் படிந்த கையில் புழங்கிய படம். சட்டைக் காலர் தெளிவாகத் தெரிந்தது. காலருக்கு மேலே யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

பிறகு காக்கிக் கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினான்.

"இத்தப் பாருங்கோ சார். வலது முட்டில தழும்பு. கூட்ஸ் ஷெட்டு தண்டவாளத்துல வுழுந்தது. ராயபுரத்துக்கே தெரியும்."

"தழும்பு கேட்டேனா? பேப்பர்ல இல்லாததைக் காட்டறே. இருக்கறதைக் காட்ட மாட்டேங்கறே." டாக்டர் காகிதத்தை மடித்தார். "லாரிக்காரங்களுக்குத் திங்கள், வியாழன். அடுத்த ஆள்."

வெளியே பெஞ்சில் ஒருவன் சுவரை ஒட்டி உட்கார்ந்து வறுத்த பட்டாணி மென்றுகொண்டிருந்தான். முகத்தின் ஒரு பாதி சுவர் பக்கம் இருந்தது. வியாசர்பாடி கோதண்டம் என்றான். சிமெண்ட் லாரி ஓட்டுகிறானாம்.

"இன்னா மாமு, பிரஷர் கீதுன்னாரா?"

"மச்சம் இல்லன்றாரு."

"மச்சத்துக்கும் வண்டி ஓட்றதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அடையாளமாம். நான் கஸ்பாரு இல்லியாம். சனிக்கெழம வந்தா லைசென்ஸ் காலி."

"எந்த சனிக்கெழம?"

"அடுத்த வாரம்."

"என்னுதும் அன்னிக்கிதான்." கோதண்டம் மெல்வதை நிறுத்தினான். "மூஞ்சில கீறதெல்லாமா பேப்பர்ல எழுதி வச்சிகிறானுங்க?"

பைக்குள்ளிருந்து தன் காகிதத்தை எடுத்தான். இங்கிலீஷில் இருந்தது. கம்பவுண்டர் சௌக்கத் அலியின் ஜன்னலுக்குப் போனான்.

"பாய், என்னுதுல இன்னா போட்டுகீது, படி."

சௌக்கத் அலி கண்ணாடியைத் தேடினார். கஸ்பார் நிற்கவில்லை. அவனுக்குத் தன் முகமே போதுமான கவலையாக இருந்தது.

ஐரீன் விளக்கை அருகில் கொண்டுவந்து கன்னம் முழுக்கத் தேடினாள்.

"கண்ணாலம் ஆயி இருவது வருசம். நானே பாத்ததில்ல."

"இப்ப இன்னா பண்றது?"

"நீதான் கஸ்பாருன்னு பெரிய மனுசன் யாராச்சும் எழுதிக் குடுத்தா ஒத்துக்குவாரு. சாமியாண்ட போ."

பங்குச் சாமியார் கோவிலுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான்தான் கஸ்பாருன்னு ஒரு லெட்டர் வோணும்."

"எந்தக் கஸ்பார்?"

"பெரிய வெள்ளிக்கு மட்டும் வர்ற கஸ்பாரு, சாமி."

"தெரியும்."

சாமியாருக்கு நல்ல தமிழில் பிடிப்பு உண்டு. பிரசங்கத்தில் பாதி யாருக்கும் புரியாது, அதனால் மரியாதை. உட்கார்ந்து எழுதினார். 'இக்கடிதம் கொணரும் கஸ்பார் எம் பங்கைச் சேர்ந்தவர். ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் இவரை யாம் அறிவோம். மாசு மறுவற்ற மனிதர்.'

சாமியாரின் கையெழுத்து பிடிபடாமல், டீக்கடையில் ஒருவரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான் கஸ்பார். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஐரீனிடம் சொன்னான்.

"இதெல்லாம் யாரப்பத்தி எழுதிகீறாரு?" என்றாள் ஐரீன்.

வியாழக்கிழமை டாக்டர் கடிதத்தை நிதானமாக வாசித்தார். ஒரு இடத்தில் நின்றார். திரும்ப வாசித்தார்.

"மாசு மறுவற்ற மனிதர்."

"சாமி சொம்மா சொல்றாரு சார்," என்றான் கஸ்பார் தலையைக் குனிந்து.

"மறுன்னா என்ன தெரியுமா?"

"தெரியாது சார்."

"மச்சம்."

கஸ்பார் தலையை நிமிர்த்தினான்.

"அற்றன்னா இல்லாத. மச்சம் இல்லாத மனிதர். அதுவும் ஞானஸ்நானம் ஆன நாள்லேருந்து." டாக்டர் கடிதத்தை மேஜையில் வைத்தார். "கஸ்பாருக்கு மச்சம் உண்டுன்னு சர்க்கார் சொல்லுது. உனக்குப் பொறந்ததுலேருந்து மச்சமே இல்லைன்னு சாமியார் சொல்றார். அப்ப நீ யாரு?"

உள்ளே வரும்போது அவன் கஸ்பார்தானா என்பது சந்தேகமாக இருந்தது. இப்போது இல்லை என்று ருசுவாகிவிட்டது.

டாக்டர் சிவப்பு மையில் எழுதினார். 'ஆள் மாறாட்டம் என்று சந்தேகிக்கிறேன். விசாரிக்கவும்.' சாமியார் கடிதத்தை அதோடு குத்தி, லைசென்ஸ் ஆபீசுக்கு அனுப்பச் சொல்லி சௌக்கத் அலியிடம் கொடுத்தார்.

பெஞ்சில் கோதண்டம் இருந்தான். தாடையையும் காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான்.

"இன்னா ஆச்சி?"

"பல்லு வலி, மாமு. வாயத் தொறக்க முடியல. வலி போனப்புறம் வான்ட்டாரு டாக்டரு."

துண்டுக்குள்ளேயிருந்து கடக் முடக் என்று சத்தம் வந்தது.

"பட்டாணி துன்ற?"

"அது அந்தாண்ட பக்கம்."

கஸ்பாருக்கு அதை யோசிக்க நேரமில்லை.

"ஆள் மாறாட்டம்னா ஜெயிலாடி?" என்று கேட்டான் வீட்டில்.

"உன்ன மாதிரி இன்னொருத்தன் இருந்தாத்தான அது," என்றாள் ஐரீன். "மச்சம்தான வோணும் அந்த ஆளுக்கு? வெச்சிட்டா போச்சி."

திங்கட்கிழமை காலையில் கண்மை டப்பாவை எடுத்தாள். ஈர்க்குச்சியின் முனையில் தொட்டு அவன் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தாள். எட்டி நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. மொதல்லயே இருந்திருக்கலாம்."

டப்பாவை அவன் சட்டைப் பைக்குள் போட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று. அது தப்பாகப் போயிற்று.

டோல்கேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முடி திருத்தும் கடைக்குள் எட்டிக் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடிக்குள் நின்ற கஸ்பாருக்கு மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. கஸ்பார் இருபது வருஷம் கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தவன். கண்ணாடியை அவன் சந்தேகப்பட்டதே இல்லை. ஐரீனைச் சந்தேகப்பட்டான். எதிரில் நின்றுகொண்டு வைத்தாள்; அவளுக்கு இடது, எனக்கு வலது என்று கணக்குப் போட்டான். எச்சில் தொட்டுப் புள்ளியை அழித்தான். அடுத்த கன்னத்தில் புதிதாக வைத்தான். கண்ணாடிக்குள் இருந்தவனுக்கு இப்போது மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. திருப்தியாக நடந்தான்.

"மச்சம் வந்திருக்கே," என்றார் டாக்டர்.

"ஆமா சார். தாடில மறஞ்சிகினு இருந்துச்சி."

"வலது கன்னத்துல வந்திருக்கு."

கஸ்பார் வலது கையைப் பார்த்தான். இடது கையைப் பார்த்தான். எந்தக் கையால் கியர் போடுகிறோம் என்று யோசித்தான்.

"நவுந்துகீது போல சார்."

டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். ஒரே இழுப்பு. பஞ்சை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார். கறுப்பாக இருந்தது.

"இதையும் ஆபீசுக்கு அனுப்பட்டுமா?"

"வோணாம் சார்."

"வியாழக்கிழமைதான் கடைசி. மச்சத்தோட வா. இடது கன்னம். கழுவினாப் போகக் கூடாது. இல்லைன்னா வராதே."

பெஞ்சில் துண்டுக் கட்டோடு கோதண்டம் நகர்ந்து இடம் கொடுத்தான். கஸ்பார் நடந்ததைச் சொன்னான். கோதண்டம் கூர்ந்து கேட்டான். டாக்டர் எதை எதைப் பார்த்தார், எவ்வளவு கிட்டே வந்து பார்த்தார், பஞ்சை அழுத்தித் துடைத்தாரா என்றெல்லாம் விசாரித்தான். பல்வலிக்காரனுக்கு இவ்வளவு அக்கறையா என்று கஸ்பாருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"எழுதினா அழியும், மாமு," என்றான் கோதண்டம். "குத்தினா அழியாது. பச்ச குத்திக்கோ. கல்மண்டபத்தாண்ட சிவந்தின்னு ஒரு பொம்பள கீது. கை சுத்தம்."

இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று கஸ்பார் ஆச்சரியப்பட்டான். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"நீயும் எத்தினி நாள் துண்டோட சுத்துவே? உனக்கும் சனிக்கெழமதான?"

"அதான் பேஜாரா கீது."

"பின்ன இன்னாத்துக்கு வச்சிகினு கீற? இருந்தாதான பேஜாரு. வேரோட எடுத்துடு."

கோதண்டம் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"எடுத்தா வலிக்குமே."

"ஒரு நாள் வலிக்கும். அப்பால நீ ராஜா."

"எடுத்தது தெரிஞ்சிட்டா?"

"போனத யாரு வந்து எண்ணப் போறாங்கோ?"

கோதண்டம் பட்டாணிப் பொட்டலத்தைக் கஸ்பாரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

சிவந்தி அடுத்த கடையின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கந்தலில் ஊசிகள், ஒரு சிரட்டையில் சாயம்.

"இன்னா போடணும், நைனா? தேளா, மயிலா, பொஞ்சாதி பேரா?"

"மச்சம்."

"மச்சத்த யாருனா காசு குடுத்துக் குத்திக்குவாங்களா? அதே காசுக்கு ஒரு தேளு போட்டுக்கோ."

"மச்சம் மட்டும் போதும்மா. எடது கன்னம்." இந்தத் தடவை இடது மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். "கயிறு கீற பக்கம்."

அவள் குத்தினாள். ஹார்பர் கிரேன் சங்கிலி காலில் விழுந்தபோதுகூடக் கஸ்பார் அப்படிக் கத்தியதில்லை. தெருவில் இருவர் நின்று பார்த்தார்கள். முடிந்ததும் தகரக் கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடிகளோடு அவன் உறவை முறித்திருந்தான். இருந்தாலும் பார்த்தான்.

"பச்சையா கீதே."

"பச்ச குத்தினா பச்சையாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல கறுத்துடும்."

செவ்வாய்க்கிழமை கறுக்கவில்லை. வீங்கியது. புதன்கிழமை கன்னம் பன் ரொட்டி போல் ஆனது. மச்சம் அதன் உச்சியில் ஒரு உலர்ந்த திராட்சை.

"ஒரு பக்கந்தான் உம்மூஞ்சி மாதிரி கீது," என்றாள் ஐரீன். "இப்ப நெஜமாவே நீ கஸ்பாரு இல்ல."

வியாழக்கிழமை டாக்டர் அவனைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இது மச்சம் இல்லை. கட்டி. கட்டியோட வந்தவனை நான் தகுதி இல்லைன்னுதான் எழுதணும்."

"மச்சம் உள்ள கீது சார். மேல வீக்கம்."

"அப்ப வெளியே உக்காரு. ஐஸ் வை. ஒரு மணிக்குப் பாக்கறேன். ஒரு மணிக்கு மச்சம் தெரிஞ்சா சர்டிபிகேட். கட்டி தெரிஞ்சா வீட்டுக்குப் போ."

சௌக்கத் அலி சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் செய்தார். கஸ்பார் அதைத் துண்டில் பொதிந்து, தாடையையும் காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் கோதண்டம் அதேபோல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கால் நீட்டியிருந்தது. முட்டியில் கட்டுத் துணி.

"கால்ல இன்னா?"

"படில வுழுந்துட்டேன்."

"பல்லு?"

"எடுத்துட்டேன். நேத்து." கோதண்டம் கண்ணை மூடித் திறந்தான். "நீ சொன்ன மாதிரியே வலிச்சிச்சி, மாமு."

"நாளைக்கி ராஜா," என்றான் கஸ்பார்.

இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போன ஒரு கிழவர், இங்கே பல்லுக்கும் பார்ப்பார்களா என்று கேட்டார். பார்க்க மாட்டார்கள் என்று இருவரும் சொன்னார்கள்.

ஒரு மணிக்குக் கஸ்பார் துண்டை அவிழ்த்தான். பன் வடிந்திருந்தது. மச்சம் கறுத்திருந்தது. சிவந்தி சொன்னது பொய்யில்லை.

டாக்டர் தண்ணீரால் துடைத்தார். சோப்பால் துடைத்தார். ஸ்பிரிட்டால் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கஸ்பாரின் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அவன் அசையவில்லை.

"இடது கன்னத்தில் மச்சம்," என்றார் டாக்டர். முதல் தடவையாகச் சிரித்தார். "நீதான்யா கஸ்பார்."

பேனாவை எடுத்தார். கஸ்பாருக்குப் புது லாரியின் சீட்டுக் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. டாக்டர் பெயரை எழுதினார். வயதை எழுதினார். கண் பார்வை நன்று என்று, கண்ணைப் பார்க்காமலே எழுதினார்.

சௌக்கத் அலி ஒரு கவரோடு உள்ளே வந்தார்.

"லைசென்ஸ் ஆபீசுலேந்து, சார். இவரு விசயந்தான்."

டாக்டர் பிரித்து வாசித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆள் மாறாட்டம் இல்லையாம்."

"நாந்தான் மொதல்லயே சொன்னனே சார்."

"பேப்பர் மாறாட்டமாம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரே நாள்ல வந்த ரெண்டு பேரோட அடையாளத்தை மாத்தி டைப் அடிச்சிட்டாங்க. இப்ப திருத்தி அனுப்பியிருக்காங்க. சாமியார் லெட்டரைத்தான் ஆதாரமா எடுத்திருக்காங்க." விரலை வைத்து வாசித்தார். "கஸ்பார். முகத்தில் அடையாளம் எதுவும் இல்லை. வலது முட்டியில் தழும்பு."

கஸ்பாரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மச்சத்தை மூடியது.

டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி எழுதிய சர்டிபிகேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப மச்சம் யாருது சார்?" என்றான் கஸ்பார்.

டாக்டர் காகிதத்தைத் திருப்பினார். "கோதண்டம். வியாசர்பாடி."

"தோ வெளியதான் கீறாரு," என்றார் சௌக்கத் அலி. கூப்பிட்டார்.

கோதண்டம் நொண்டிக்கொண்டு வந்து நின்றான்.

"துண்டை எடு," என்றார் டாக்டர்.

அவன் எடுக்கவில்லை. சௌக்கத் அலி முடிச்சை அவிழ்த்தார். இடது கன்னத்தில் பத்துப் பைசா அகலத்துக்குச் சுண்ணாம்பு வைத்துச் சுட்ட புண் இருந்தது. நடுவில் ஒரு சின்னக் குழி. மச்சம் இல்லை.

கோதண்டம் டாக்டரைப் பார்க்கவில்லை. கஸ்பாரைப் பார்த்தான்.

"வேரோட எடுத்துடுன்னு நீதான மாமு சொன்னே?"